கேமரா 'உம்' கொட்டாது, அதனால் ஒரு ஆளை உட்கார வையுங்கள்

கேள்வி: மாடித்தோட்டம் பற்றி யூடியூபில் வீடியோ போடுகிறேன். இதுவரை செடிகளை மட்டும் காட்டி, குரலைத் தனியாகப் பதிவு செய்து சேர்த்துவந்தேன். பார்க்கிறவர்கள் முகம் காட்டிப் பேசச் சொல்கிறார்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் ரெக்கார்டு பட்டனை அழுத்தியதும் குரலே மாறிப்போகிறது. எழுதி மனப்பாடம் செய்தாலும் நடுவில் மறந்துவிடுகிறது. எடுத்ததைப் போட்டுப் பார்த்தால் என் முகமும் குரலும் எனக்கே பிடிக்காமல் அழித்துவிடுகிறேன். பக்கத்து மாடியில் யாராவது நின்றால் பேச்சே வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கத்திரிச் செடி ஏன் பூவை உதிர்க்கிறது என்று சித்தி போனில் கேட்டால் என்ன செய்வீர்கள்? எந்தத் தயாரிப்பும் இல்லாமல் பத்து நிமிடம் பேசுவீர்கள், வெயில், தண்ணீர், இலைப்பேன், தொட்டியின் அளவு என்று ஒன்றையும் விடமாட்டீர்கள், குரலும் மாறாது, எதுவும் மறக்காது. ஆகவே பேசத் தெரியாததோ பொருள் தெரியாததோ உங்கள் குறை இல்லை. கேட்கிற ஆள் எதிரில் இல்லை, சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது 'உம் கொட்டு' என்பார்கள். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். பிள்ளை தூங்கிவிட்டதா என்று பார்க்க மட்டும் அப்படிக் கேட்கவில்லை, சொல்கிறவருக்கே அந்த உம் தேவைப்படுகிறது. இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவெலாஸும் சக ஆய்வாளர்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், மயிரிழையில் ஆபத்திலிருந்து தப்பிய சொந்த அனுபவத்தைச் சிலரைச் சொல்லச் சொன்னார்கள். கேட்பவர்களில் ஒரு பகுதியினருக்கு ரகசியமாக வேறொரு வேலை: பேச்சில் ஆங்கில 'T' எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ண வேண்டும். எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தும் மனம் கதையில் இல்லை. அவர்களிடம் சொன்னவர்களின் கதை பாழானது, அதிலும் உச்சகட்டத்தில் தடுமாறினார்கள், முடிவைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அரைக் கவனத்தோடு கேட்கிற மனிதருக்கே இந்த நிலை என்றால், கண்ணும் சிமிட்டாமல் நிற்கிற ஒரு லென்ஸிடம் உங்களுக்குப் பேச்சு வராததில் என்ன வியப்பு? உங்கள் மூளை சரியாகத்தான் வேலை செய்கிறது, உம் கொட்டாத இடத்தில் பேச அது மறுக்கிறது.

அதனால் முதல் வேலை, ஒரு ஆளை உட்கார வைப்பது. தங்கை, தோழி, பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி, செடி வளர்ப்பில் நிஜமாகவே சந்தேகம் உள்ளவராக இருந்தால் மிக நல்லது. ஸ்டாண்டில் போனை வைத்து, அதற்கு நேர் பின்னால், லென்ஸை ஒட்டி அவர் முகம் தெரியும்படி உட்காரச் சொல்லுங்கள். அவர் ஒரு கேள்வி கேட்கட்டும், நீங்கள் அவருக்குப் பதில் சொல்லுங்கள், அவர் சத்தமில்லாமல் தலையாட்டினால் போதும். அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் எரோல் மோரிஸ் இதற்காகவே ஒரு கருவி அமைத்துக்கொண்டார். லென்ஸுக்கு முன்னால் சாய்த்து வைத்த கண்ணாடியில் அவருடைய முகம் தெரியும், பேசுகிறவர் அந்த முகத்தைப் பார்த்துப் பேசுவார், ஆனால் பார்வை நேராக லென்ஸுக்குள் போகும்.  வீட்டில் ஆள் கிடைக்காத நாளில் ஒரு குறிப்பிட்ட நபரின் புகைப்படத்தை லென்ஸுக்குக் கீழே ஒட்டுங்கள். 'வணக்கம் நண்பர்களே' என்று ஊருக்கே பேசுவதை விட்டுவிட்டு, 'சித்தி, அன்னைக்குக் கேட்டீங்களே' என்று மனதுக்குள் ஆரம்பித்து, அதற்கு அடுத்த வாக்கியத்திலிருந்து வாய்விட்டுப் பேசுங்கள்.

மனப்பாட விஷயம். தமிழில் இது பல மொழிக்காரர்களைவிட நமக்குக் கூடுதல் தலைவலி, ஏனென்றால் கையில் பேனா எடுத்ததும் நமக்கு எழுத்துத் தமிழ்தான் வரும். 'இன்றைய பதிவில் கத்திரிச் செடியில் பூ உதிர்வதைத் தடுக்கும் வழிமுறைகளைக் காணவிருக்கிறோம்' என்று எழுதிவிட்டு, அதைப் பேச்சுக் குரலில் சொல்ல முயன்றால் நாக்கு முரண்டு பிடிக்காமல் என்ன செய்யும். ஒரு சொல் தவறினால் முழு வரியும் போய்விடும், அங்கேதான் உங்களுக்கு மறக்கிறது. எழுதவே வேண்டாம் என்று சொல்லவில்லை, வாக்கியமாக எழுதாதீர்கள். ஒரு தாளில் ஐந்தாறு சொற்கள், அதுவும் பெரிய எழுத்தில்: பூ உதிர்வு, தண்ணீர், வெயில், பேன், மோர்க்கரைசல், எப்போ தெளிக்கணும். அவ்வளவுதான். முதல் வாக்கியத்தை மட்டும் வாயால் பலமுறை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், தொடக்கம் ஓடிவிட்டால் மிச்சம் தானாக வரும். தெளிவான எழுத்துப் பிரதி வேண்டுமென்றால், சித்திக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்புவது போல முதலில் பேசிப் பதிவு செய்து, பிறகு அதைக் கேட்டு எழுதுங்கள். எழுதியதைப் பேசுவதைவிடப் பேசியதை எழுதுவது எப்போதும் நல்லது.

தவறிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இந்தப் பழக்கம்தான் புதியவர்களை மிகவும் களைப்படைய வைக்கிறது. ரெக்கார்டிங் ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஒருமுறை கைதட்டுங்கள், மூச்சு விடுங்கள், தவறிய வாக்கியத்தை மட்டும் திரும்பச் சொல்லுங்கள். எடிட்டிங் ஆப்பில் ஒலி அலையைப் பார்த்தால் கைதட்டிய இடம் கூர்மையாக நிமிர்ந்து நிற்கும், வெட்ட வேண்டிய இடம் அதுதான். வெட்டிய இடத்தில் முகம் துள்ளுமே என்றால், உங்களிடம்தான் செடிகள் இருக்கின்றனவே, இலையின் அடிப்பக்கத்தைக் காட்டும் மூன்று விநாடிக் காட்சியை அதன்மேல் போட்டு மூடிவிடலாம். செடி வீடியோக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி இது.

குரல் மாறுவதற்கு வேறொரு எளிய காரணமும் உண்டு. போன் எட்டடி தள்ளி நிற்கிறது, மாடியில் காற்று, கீழே ஹாரன், இதையெல்லாம் தாண்டிப் பேச வேண்டும் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது, குரல் தானாகவே மேடைக் குரலாகிவிடுகிறது. திறந்தவெளியில் வாய்க்கும் மைக்குக்கும் நடுவிலுள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரலின் அளவு 6 டெசிபல் குறையும், அதனால் போனிலுள்ள மைக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எட்டடியில் உதவாது. ஒரு காலர் மைக் வாங்கி, தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளிச் சேலையிலோ துப்பட்டாவிலோ குத்துங்கள். காற்றுக்குப் பஞ்சு உறை கட்டாயம், பட்டுத்துணியும் கழுத்துச் சங்கிலியும் மைக்கில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக எதையாவது வாங்கப் பணம் இருந்தால் கேமராவில் போடாதீர்கள், இதில் போடுங்கள். ஒயர் வைத்த சாதாரண மைக்கே போதும், உங்கள் போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் டைப்-சி இணைப்பு ஒன்று கூட வேண்டியிருக்கும். மைக் நெஞ்சருகே இருக்கிறது என்று தெரிந்ததும் உங்கள் வீட்டுக் குரல் திரும்பி வந்துவிடும்.

அடுத்து, உங்களுக்கே உங்களைப் பிடிக்காதது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல விஷயம் தெரிந்த எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் வீடியோவை விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். நீங்கள் பேசும்போது உங்கள் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் வருகிறது, அந்த வழியில் கனமான கீழ் ஒலிகள் கூடுதலாகக் கேட்கும். பதிவில் அந்தப் பகுதி இருக்காது, அதனால் குரல் மெலிந்து, வேறு யாரோ பேசுவது போலத் தெரிகிறது. உங்கள் வீட்டாருக்கும் தோழிகளுக்கும் எப்போதும் கேட்டுவந்த குரல் அந்த மெலிந்த குரல்தான், அவர்கள் யாரும் குறை சொன்னதில்லையே.

முகமும் இப்படித்தான். உங்கள் முகத்தை நீங்கள் கண்ணாடியில் இடம் வலம் மாறித்தான் பார்த்துப் பழகியிருக்கிறீர்கள், வகிடும் மூக்குத்தியும் வீடியோவில் எதிர்ப்பக்கம் இருக்கும். 1977-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் பெண்களிடம் அவர்களுடைய படத்தை நேராகவும் திருப்பியும் அச்சிட்டுக் காட்டினார்கள். அவர்களில் அதிகம் பேர் கண்ணாடியில் தெரியும் உருவத்தையே விரும்பினார்கள், அவர்களுடைய தோழிகள் நேரான படத்தை விரும்பினார்கள். அவரவருக்குப் பழகியது அவரவருக்குப் பிடிக்கிறது, அதில் அழகுக் கணக்கு எதுவும் இல்லை. இதோடு தூரத்தின் விளையாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கையை நீட்டி 12 அங்குலத்தில் செல்ஃபி எடுத்தால், 5 அடியில் எடுத்ததைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் ஒரு மருத்துவ ஆய்விதழில் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே போனைக் கையில் பிடிக்காமல் ஐந்தடி தள்ளி, கண் உயரத்தில் வையுங்கள். பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள், படம் தெளிவு, அதைவிட முக்கியமாக உங்கள் முகம் உங்கள் கண்ணில் படாது. தன்னைத் தானே பார்த்துக்கொண்டு இயல்பாகப் பேச யாராலும் முடியாது.

முன்பக்கக் கேமராதான் வசதி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். திரையின் நடுவைப் பார்த்தால் லென்ஸிலிருந்து 7 செ.மீ. தள்ளிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் தூரத்தில் பார்வை 8 டிகிரி விலகும், ஒன்றரை மீட்டருக்குத் தள்ளிப் போனால் 3 டிகிரிக்கும் கீழே வந்துவிடும். எந்தப் பக்கம் விலகுகிறது என்பதும் முக்கியம். பார்வை லென்ஸுக்குச் சற்றுக் கீழே இறங்கினால் மனிதர்கள் பொருட்படுத்துவதில்லை, பக்கவாட்டிலோ மேலேயோ போனால் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டில் மில்டன் சென் 2002-ல் காட்டினார். போனைப் படுக்கவைத்து எடுக்கும்போது லென்ஸ் ஓரத்துக்குப் போய்விடும், திரையைப் பார்த்தால் வேறு யாரையோ பார்க்கிற மாதிரி இருக்கும். புகைப்படத்தை லென்ஸுக்குக் கீழே ஒட்டச் சொன்னதும் இதனால்தான், குறிப்புத் தாளையும் அங்கேயே ஒட்டுங்கள்.

எடுத்ததை உடனே போட்டுப் பார்க்காதீர்கள், அன்றைய பதற்றத்தோடு பார்த்தால் அழிக்கத்தான் தோன்றும். மறுநாள் பாருங்கள், அதற்குமுன் ஒரு தாளில் நீங்கள் எதிர்பார்ப்பதை எழுதிக்கொள்ளுங்கள்: கை நடுங்கும், இத்தனை தடவை தடுமாறியிருப்பேன், முகம் வெளிறியிருக்கும் என்று குறிப்பாகவே எழுதுங்கள். பிறகு வேறு யாரோ ஒரு பெண்ணின் வீடியோவைப் பார்ப்பது போலப் பார்த்து, எழுதியதில் எதெல்லாம் நிஜமாகத் தெரிகிறது என்று சரிபாருங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்காக உளவியலாளர்கள் சோதித்த முறை இது, 2000-ல் வெளியான ஆய்வு. வெறுமனே வீடியோ பார்த்தவர்களைவிட இப்படித் தயாராகிப் பார்த்தவர்கள் தங்களைப் பற்றி நியாயமாக மதிப்பிட்டார்கள். உள்ளே இருக்கும் படபடப்பு வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை, பேசுகிறவர்தான் எல்லோருக்கும் தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறார். 2003-ல் சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனையில், இந்த உண்மையைப் பேச்சுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்ட மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். இப்போது உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.

பக்கத்து மாடி. காலை ஏழு மணிவாக்கில் எடுத்தால் துணி காயப்போட வருகிறவர்கள் குறைவு, வெளிச்சமும் மென்மையாக இருக்கும். உச்சி வெயிலில் கண் சுருங்கி, கோபமாக இருப்பது போல முகம் தெரியும், அதையும் தவிர்க்கலாம். ஆனால் ஒளிந்து ஒளிந்து எடுத்தால் கூச்சம் கூடத்தான் செய்யும். ஒருநாள் நீங்களே கூப்பிட்டு 'அக்கா, செடி வீடியோ எடுக்கிறேன், கொஞ்ச நேரம் சத்தமாப் பேசுவேன்' என்று சொல்லிவிடுங்கள், நாலு கத்திரிக்காயும் கொடுங்கள். ரகசியம் இல்லை என்று ஆனதும் பாதிப் பயம் போய்விடும், அந்த அக்காவே லென்ஸுக்குப் பின்னால் உட்கார வேண்டிய ஆளாகவும் அமையலாம்.

கைக்கும் வேலை கொடுங்கள். சும்மா நின்று பேசினால் கையை எங்கே வைப்பது என்பதிலேயே கவனம் போய்விடும். முதல் வீடியோவுக்கு நாற்றை க்ரோ பேகில் மாற்றி நடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்துகொண்டே பேசலாம், சொல் வராத இடத்தில் கை வேலை செய்யும், அந்த இடைவெளி பார்க்கிறவருக்கு இடைவெளியாகவே தெரியாது. தொடக்கத்தில் அரை நிமிடம், முடிவில் அரை நிமிடம் மட்டும் முகம், நடுவில் கையும் மண்ணும், குரலும் அங்கேயே பேசியது. அடுத்தடுத்த வீடியோக்களில் முகத்தின் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், கூட்டாமலும் விடலாம். முதல் சிலவற்றை 'அன்லிஸ்டட்' என்று வைத்து லிங்க்கை இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அனுப்புங்கள், 'எப்படி இருந்தேன்' என்று கேட்காமல் 'எந்த இடத்தில் புரியவில்லை' என்று கேளுங்கள்.

பொதுவில் போட ஆரம்பிக்கும்முன் இரண்டு காரியம். யூடியூப் ஸ்டூடியோவின் அமைப்புகளில் தடை செய்யும் சொற்களுக்கான பட்டியல் இருக்கிறது, முகம் காட்டும் பெண்களுக்கு வருகிற கமெண்ட்கள் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதான், அந்தச் சொற்களைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிற விதங்களிலும் முன்கூட்டியே அதில் சேர்த்துவிடுங்கள், அவை வெளியே தெரியாமல் உங்கள் பார்வைக்கு நிறுத்திவைக்கப்படும். அப்புறம், தோட்டத்தைச் சுற்றிக் காட்டும்போது தெருப் பலகையோ வண்டி எண்ணோ பக்கத்து வீட்டுக் குழந்தைகளோ ஃப்ரேமில் வருகிறார்களா என்று எடிட் செய்யும்போது ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.