மூன்று பேர், பூட்டிய ஒரு அறை: கடத்தல் படம் எடுப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

குறைந்த செலவில், கையளவு நடிகர்களை வைத்துக் கடத்தல் த்ரில்லர் எடுப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இந்த மாதிரிச் சின்னப் படங்களில் எடிட்டிங், சவுண்ட் என்று வேலை பார்த்தவன் நான். வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றே பேர், ஒரே வீடு. ஒன்றரை மணி நேரம் ஆட்கள் உட்காருவார்களா அண்ணா?

உட்காருவார்கள், மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம் வேறுவேறாக இருக்கும்வரை. ஜே பிளேக்ஸன் 2009இல் எடுத்த 'தி டிஸப்பியரன்ஸ் ஆஃப் ஆலிஸ் கிரீட்' பாருங்கள். கடத்துகிறவர்கள் இரண்டு பேர், மாட்டிக்கொண்டவள் ஒருத்தி, திரையில் நான்காவது முகமே கிடையாது. அதில் சுட்டு முடித்த தோட்டாவின் காலிக் கூடு ஒன்று வரும். அது இருப்பது ஒருத்தனுக்குத் தெரியும், இன்னொருத்தன் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்தத் துக்கடா பித்தளையை மறைக்க அவன் படுகிற பாட்டில் நமக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். இதற்கு என்ன செலவு ஆகியிருக்கும் சொல்லுங்கள்?

அதனால் எழுதும்போது ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காட்சி முடிவிலும் யாருக்கு என்ன தெரியும், யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று குறித்து வாருங்கள். எந்தக் காட்சியில் மூன்று கட்டமும் அப்படியே இருக்கிறதோ, அது எவ்வளவு அழகான வசனமாக இருந்தாலும் தூக்கிவிடலாம்.

பணம் கொடுக்கிற அப்பா, தேடி வரும் போலீஸ், இவர்களைக் காட்டாமல் விட்டால் நம்புவார்களா சார்?

அதே படத்தில் அப்பாவைக் காட்டவே மாட்டார்கள், நமக்கு அது ஒரு குறையாகவும் படாது. போலீஸ்காரர் ஒருவரைக் காட்டினால் அடுத்து ஸ்டேஷன் கேட்கும், வண்டி கேட்கும், யூனிஃபார்மோடு பத்துப் பேர் கேட்கும். 2018இல் வந்த டேனிஷ் படம் 'தி கில்ட்டி' இதைத் திருப்பிப் போட்டது: கடத்தப்பட்ட பெண் போனில் வெறும் குரல், நாம் பார்ப்பது அவசர அழைப்பு எடுக்கும் ஒரு போலீஸ்காரரை. 13 நாளில் எடுத்து முடித்தார்கள்.

கட்டிப்போடும் காட்சிகளில் என்ன கவனிக்க வேண்டும்?

இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும், அந்த முனை நடிகரின் கைக்கு எட்ட வேண்டும். வாயில் டேப் என்றால் பசைப் பக்கத்தைத் துணியில் நாலைந்து தடவை ஒட்டி ஒட்டி எடுங்கள், பசை முக்கால்வாசி செத்த பிறகுதான் முகத்துக்குப் போக வேண்டும். உதட்டில் வாசலின் தடவுங்கள். மூக்கடைப்பு இருந்தால் அன்றைக்கு வாயை மூடும் காட்சியே வேண்டாம். வாய் மூடியிருப்பவர் 'கட்' என்று கத்த முடியாது அல்லவா? கையில் ஒரு சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுங்கள். அது கீழே விழுந்த சத்தம் கேட்டால் கேமரா ஓடுகிறதா இல்லையா என்று பார்க்காமல் எல்லோரும் ஓட வேண்டும்.

நான் வேலை பார்த்த முதல் படத்தில் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. புது டேப்பைப் பிரித்து அப்படியே ஒட்டினோம், மூன்றாவது டேக்கில் அந்தப் பெண்ணுக்கு மேலுதட்டில் தோல் உரிந்துவிட்டது. இரண்டு நாள் ஷூட்டிங் நின்றதுகூடப் பெரிதில்லை, அப்புறம் அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஒரே அறை என்பதால் எல்லா ஷாட்டும் ஒரே மாதிரி வருகிறது.

முதல் அரைமணியிலேயே எல்லாக் கோணத்தையும் செலவழித்துவிட்டிருப்பீர்கள். கதவுப் பக்கமிருந்து அறையைப் பார்க்கும் ஷாட்டை, கடத்தப்பட்டவள் கட்டை அவிழ்த்துக்கொண்டு கதவை நெருங்கும்வரை எடுக்கவே எடுக்காதீர்கள். 2010இல் வந்த 'பரீட்' படத்துக்கு இடம் ஒரு சவப்பெட்டிதான், கேமராவுக்காக ஏழு பெட்டி செய்து 17 நாளில் முடித்தார்கள். உங்களுக்கு ஏழு அறை வேண்டாம், ஒரு சுவரையாவது கழற்ற முடிந்தால் போதும்.

சவுண்டுக்குத் தனியாகப் பணம் இல்லை, என்ன செய்வது அண்ணா?

கதையில் கடத்துகிறவன் சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரில் மெத்தை, ஃபோம் எல்லாம் அடிப்பான். அதை நிஜமாகவே அடியுங்கள், எதிரொலி அடங்கிவிடும், டப்பிங்கில் பாதி வேலை மிச்சம். இரைச்சல் வராமல் இருக்க ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வையுங்கள், திரும்பப் போட மறந்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

கதை வரிசையிலேயே எடுக்கலாமா?

தாராளமாக. இடம் ஒன்றுதானே, வேறெப்போது கிடைக்கும் இந்த வசதி? காயம், தாடி, களைப்பு எல்லாம் தானாக வளரும்.

எத்தனை ட்விஸ்ட் வைக்கலாம்?

இரண்டு. மூன்றாவதை ஆட்கள் உங்களுக்கு முன்னாடியே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவளிடம் செல்போன் இருக்குமே சார், அதை என்ன செய்வது?

முதல் காட்சியிலேயே பிடுங்கி உடைக்கலாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இல்லையென்றால் போனை அவள் கையில் கிடைக்க வையுங்கள். போலீஸுக்கு லைன் கிடைக்கட்டும். "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். ஜன்னலெல்லாம் பலகை அடித்த அறையில் இருந்துகொண்டு அவள் என்ன சொல்வாள்?