பிடித்த பணம் கணக்கில் ஏறியதா?

கேள்வி: என் மகள் 2014 முதல் சென்னையில் அரசுப் பள்ளி ஆசிரியை. மாதாமாதம் சம்பளத்தில் சி.பி.எஸ். (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்) பணம் பிடிக்கிறார்கள். கணக்குச் சீட்டை எடுத்துப் பார்த்தால், 2019-ல் பள்ளி மாறிய சமயத்தில் இரண்டு மாதம் காலியாக இருக்கிறது. பள்ளியில் கேட்டால், "ரிடையர்மென்ட் சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். இன்னொன்று, அவளுடைய மருத்துவக் காப்பீட்டில் எனக்கு இடம் உண்டா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: அதுவரை விடாதீர்கள் அம்மா. 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்கு வந்தவர்களுக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து அதில் 10 சதவீதம் பிடிக்கிறார்கள். சி.பி.எஸ். முறையில் அரசும் அதே அளவு போடும். ஆக, மகளின் பணம் ஏறாத மாதத்தில் அரசின் பங்கும் ஏறியிருக்காது. அப்போது அவருக்கு அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 45,000 என்று வையுங்கள். 4,500-ம் 4,500-ம் மாதத்துக்கு 9,000. இரண்டு மாதத்துக்கு 18,000. இதற்கு 7.1 சதவீத வட்டி போட்டுப் பாருங்கள், இருபது வருடத்தில் 70,000-ஐத் தாண்டிவிடும். பென்ஷன் திட்டம் நாளை எப்படி மாறினாலும், பிடித்த பணம் கணக்கில் இருந்தாக வேண்டும்.

பள்ளி அலுவலகங்களில் இருபத்தாறு வருடம் சம்பள பில் போட்டவன் நான். இடமாறுதல் சமயத்தில்தான் இது நடக்கும். பழைய பள்ளி பெயரை எடுத்துவிடும், புதிய பள்ளி எண்ணைத் தப்பாக அடிக்கும். ஒரு அறிவியல் டீச்சருக்கு சி.பி.எஸ். எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறி, ஏழு மாதப் பணம் யாரோ ஒருவர் கணக்கில் கிடந்தது. அந்த அம்மா சம்பளச் சீட்டுகளை வருடவாரியாக நூல் கோத்து வைத்திருந்தார். அதை வைத்து ஒரே மதியத்தில் பில் விவரம் எல்லாம் எடுத்தோம். சீட்டு இல்லாத இன்னொருவருக்கு அதே வேலை ஒன்றரை வருடம் இழுத்தது. பிடித்தது அவர் பணம், அலைந்ததும் அவர்தான். எனக்கு இன்றும் ஆறவில்லை.

மகளை முதலில் பழைய பள்ளிக்குப் போகச் சொல்லுங்கள். அந்த இரண்டு மாதச் சம்பளச் சீட்டு, மாறுதலின்போது கொடுத்த கடைசிச் சம்பளச் சான்று, பில் பாஸான டோக்கன் எண் (பில்லைப் பெற்றதற்குக் கொடுக்கும் எண்), தேதி, இவ்வளவும் வேண்டும். சென்னையில் பில் போவது சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கு. பழைய பில் விவரம் பள்ளியில் கிடைக்காவிட்டால் அங்கே கேட்கலாம். அப்புறம், தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் மனு கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

காப்பீடு விஷயம்: அரசு ஊழியர்களுக்கான 2021 மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மாதம் 300 ரூபாய் பிடித்தார்கள். நான்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. மணமானவர் என்றால் கணவரும் பிள்ளைகளும்தான், பெற்றோருக்கு இடமில்லை. மணமாகாதவராக இருந்தால் உங்களைச் சேர்க்கலாம். உங்கள் குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருந்தால், வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு எழுதிக் கொடுங்கள்.