'தடை சொல்ல ஆளில்லை' என்று எழுதிய தம்பிக்கு

கேள்வி: எனக்கு வயது 27. சொந்த ஊர் பாம்பன் பக்கம். சென்னையில், ஒரு சேனலுக்காகத் தீவுப் போட்டி நிகழ்ச்சி தயாரிக்கும் நிறுவனத்தில் போட்டியாளர் தேர்வுக் குழுவில் இருக்கிறேன். மூன்று சீசன் முடிந்து, அடுத்து பழைய போட்டியாளர்களை மட்டும் வைத்து 'ஆல் ஸ்டார்' சீசன் வருகிறது. மொத்தம் 14 பேர். 9 பேர் முடிவாகிவிட்டார்கள். மீதி 5 இடத்துக்கு 12 பெயர் கொண்ட பட்டியலை நான்தான் தயார் செய்கிறேன். அதில் ஒரு பெயர் என் பெரியப்பா மகள். கடலில் பாசி எடுக்கிறவள். இரண்டாவது சீசனில் வந்தாள். மூச்சடக்கி முழுகுவதில் அவளை யாரும் ஜெயிக்கவில்லை. ஆறாவது வாரம் அரிசி பங்கு வைப்பதில் சண்டை வந்து, அழுது கத்தி, அந்த வாரமே வெளியேறினாள். அந்தக் காட்சி இன்னமும் எல்லோர் போனிலும் சுற்றுகிறது. தொண்டியிலிருந்து பேசி வந்த சம்பந்தமும் நின்றுபோனது. இப்போது இன்னொரு வாய்ப்பு கொடுத்தால் கெட்ட பெயரைத் துடைத்துக்கொள்வாள் என்று நினைக்கிறேன். எங்கள் மேலதிகாரியும் 'அந்தக் கடல் பொண்ணு கட்டாயம் வேணும்' என்கிறார். நாங்கள் ஒரே ஊர் என்று மட்டும் அவருக்குத் தெரியும், சொந்தம் என்று தெரியாது. போன முறை பெரியப்பாவைச் சம்மதிக்க வைத்ததே நான்தான். பெரியப்பா போன வருஷம் தவறிவிட்டார். ஆண் பிள்ளை இல்லாததால் நான்தான் கொள்ளி வைத்தேன். அதனால் இந்த முறை வீட்டில் தடை சொல்ல ஆளில்லை. ஆனால் அக்கா என் போனை எடுப்பதில்லை. சொந்தக்காரியைச் சேர்ப்பது மற்றவர்களுக்குச் செய்யும் துரோகமா? அக்காவை எப்படிப் பேசிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: முதல் கேள்விக்கு இரண்டு வரி போதும். இன்றைக்கே மேலதிகாரியிடம் 'அவள் என் அக்கா' என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பெயர் வரும்போது பேனாவைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்துவிட்டு எழுந்து வெளியே போங்கள். அது முடிந்தது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். துரோகம், வாய்ப்பு, கெட்ட பெயர் என்று கனமான சொற்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு அவற்றில் கண் நிற்கவில்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, 'அதனால் இந்த முறை வீட்டில் தடை சொல்ல ஆளில்லை' என்று, அங்கேதான் நின்றுவிட்டது. இதற்கு மேல் 'நீங்கள்' போட்டு என்னால் எழுத முடியாது. வயதில் என் கடைசிப் பிள்ளையைவிடச் சின்னவன். திட்டுவதற்கு 'நீ'தான் வசதி.

அந்த 'அதனால்' என்ற சொல்லை எடுத்துக் கையில் வைத்துப் பார், தம்பி. பெரியப்பா போய்விட்டார், நான் கொள்ளி வைத்தேன், அதனால் தடை சொல்ல ஆளில்லை. எந்த ஊர்க் கணக்கு இது? கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தாய். சுற்றுக்கு ஒரு ஓட்டை போட்டார்கள், தண்ணீர் உன் முதுகில் வழிந்தது. திரும்பிப் பார்க்காமல் போட்டு உடைத்தாய். அதோடு கடமை முடிந்தது, அக்னி தீர்த்தத்தில் முழுகினோம், அடுத்த ரயிலைப் பிடித்தோம் என்று நினைத்தாயா? குடம் உடைந்த நிமிஷத்திலிருந்து அந்த வீட்டுக்குத் தடை சொல்கிற ஆள் நீ. ஆளில்லை என்று எழுதுகிறாய். ஆள் இருக்கிறது. சென்னையில் குளுகுளு அறையில் உட்கார்ந்து பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறது.

(பெண் பிள்ளை கொள்ளி வைக்கக் கூடாதா என்று என்மேல் பாயப்போகிற வாசகிகளுக்கு: வைக்கலாம். என் அம்மாவுக்கு நான்தான் வைத்தேன். இந்தத் தம்பி தோளில் ஏற்றிக்கொண்டானே, அதனால் அவனிடம் கேட்கிறேன்.)

பெரியப்பா முதல் தடவை எதற்காகத் தயங்கினார் என்று நீ எழுதவில்லை. எனக்குத் தெரியும். எங்கள் ஊர் தேவிபட்டினம். கடலை நம்பிப் பெண்ணை அனுப்புகிற அப்பன், ஊர் வாயை நம்பி அனுப்ப மாட்டான். கடல் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவனுக்கு அத்துபடி. கேமரா எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவனுக்கு யார் சொல்வது? நீ சொன்னாய். 'நான் அங்கேயேதானே இருக்கேன், பார்த்துக்கிறேன் பெரியப்பா' என்கிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பாய். அதை நம்பித்தான் அந்த மனிதர் தலையாட்டியிருப்பார், சேனல் பெயருக்காக இல்லை.

சரி, ஆறாவது வாரம் அவள் கத்தியபோது நீ எங்கே இருந்தாய்? அரிசியை யார் அதிகம் எடுத்தது, அதற்கு முந்தைய இரண்டு நாள் அவளை யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் உங்கள் கேமராவில் பதிவாகியிருக்கும். ஒரு முழு நாளை ஒரு மணி நேரமாக வெட்டுகிறீர்கள். வெட்டிய பிறகு மிஞ்சியது அவள் வாயும் கண்ணீரும். அந்த அறையில் 'இதற்கு முன்னால் நடந்ததையும் போடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொன்னாயா? சொல்லியிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பாய். நல்லது செய்தவன் அதை விட்டுவிட்டு எழுதி நான் பார்த்ததில்லை. அக்கா போனை எடுக்காததற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம்.

உன் தொழிலைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம், எனக்கு டிவி தெரியாது என்று நினைத்துவிடாதே. பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிடுவதில் ஒரு நியாயமான வகை இருக்கிறது. 2022-இல் 'பிக் பாஸ் அல்டிமேட்' என்று முதல் ஐந்து சீசன் ஆட்களிலிருந்து 14 பேரை உள்ளே விட்டார்கள். நான்காவது சீசனில் இரண்டாம் இடத்தில் நின்ற பாலாஜி முருகதாஸ் அதில் ஜெயித்தார். வாசற்படி வரைக்கும் வந்து தவறவிட்டவன் மறுபடியும் வருகிறான். பார்க்கிறவர்களுக்கும் புரிகிறது, வருகிறவனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் தீவுப் போட்டியான 'சர்வைவர்' நிகழ்ச்சியில் 2015-இல் ஒரு தடவை மட்டுமே ஆடித் தோற்ற 32 பேரை நிறுத்தி, பார்வையாளர்களையே ஓட்டுப் போடவிட்டு 20 பேரைக் கம்போடியாவுக்கு அனுப்பினார்கள். அந்த 32 பேரும் 'எனக்கு வேண்டும்' என்று தாங்களாக நின்றவர்கள். உன் அக்கா நின்றாளா? அவளிடம் இன்னும் கேட்கவே இல்லை. நீயும் மேலதிகாரியும் சேர்ந்து அவளுக்கு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள்.

ஒன்றை ஊகித்துச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் கோபித்துக்கொள். முடிவான அந்த 9 பேரில், அரிசிக்காக அக்காவோடு சண்டை போட்டவர் இருக்கிறார். இருக்கிறார் என்றால் உன் மேலதிகாரிக்கு வேண்டியது அவள் அடக்குகிற மூச்சு இல்லை, அரிசிச் சண்டையின் இரண்டாம் பாகம். தூண்டிலில் ஒரு பக்கம் முள் மாட்டியாகிவிட்டது, இரையை நீ கோத்துத் தர வேண்டும். 'கடல் பொண்ணு' என்று அவர் சொன்னதை நீயும் அப்படியே எழுதுகிறாய். பெரியப்பா ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பாரே அவளுக்கு?

அதே 'சர்வைவர்' 2004-இல் முதல் ஆல் ஸ்டார் சீசன் நடத்தியது. 18 பழைய ஆட்கள், இடம் பனாமா நாட்டின் முத்துத் தீவுகள். (நம் கரைக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும், முத்து என்ன பாடு படுத்தும் என்று நமக்குத் தெரியாதா!) அதில் ராப் என்கிறவர், எதிர் அணியில் இருந்த தன் பழைய நண்பர் லெக்ஸிடம், 'உன் பக்கம் வந்திருக்கும் என் தோழி ஆம்பரை நீ பார்த்துக்கொள், உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று வாக்குக் கொடுத்தார். லெக்ஸ் நம்பி ஆம்பரைக் காப்பாற்றினார். பிறகு ராப் லெக்ஸையே வெளியே அனுப்பினார். கடைசியில் ஆம்பர் முதலிடம், ராப் இரண்டாமிடம், இருவருக்கும் கல்யாணமும் நடந்தது. லெக்ஸின் மனசு உடைந்தது பரிசுப் பணத்துக்காக இல்லை. புது ஆட்கள் ஆடுகிற சீசனில் ஏமாந்தால் ஆட்டத்தில் ஏமாந்ததோடு போகும். பழைய ஆட்கள் சீசனில் வெளியே இருந்த நட்பும் சொந்தமும் சேர்ந்து உள்ளே வருகின்றன, உடைந்தால் அவையும் சேர்ந்து உடைகின்றன. நீ பெரியப்பாவிடம் 'பார்த்துக்கிறேன்' என்று சொன்னதும் இந்த ரகம்தான். அவர் ஆட்டத்தில் இல்லவே இல்லை, பாவம், வாசலில் வலை சரிசெய்துகொண்டிருந்தவர்.

அந்தச் சீசனிலேயே ஜென்னா என்று ஒரு பெண். அதற்கு முந்தைய வருஷம் பட்டம் ஜெயித்தவள். அம்மா புற்றுநோயில் இருந்தார். ஆட வந்துவிட்டாள், இருப்புக் கொள்ளவில்லை, போட்டியைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சில நாளில் அம்மா இறந்துபோனார். இதைப் படித்ததும் உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துத் தேடினேன். பெரியம்மா எங்கே? ஒரு வரியில்கூடக் காணோம். புருஷன் போய் ஒரு வருஷம், வீட்டில் இருப்பது ஒரே பெண். அவளைத் தீவுக்கு அனுப்பிவிட்டால் ராத்திரி அந்த வீட்டில் யார் படுப்பது? 'தடை சொல்ல ஆளில்லை' என்று எழுதும்போது பெரியம்மாவை ஆளாகவே எண்ணவில்லை நீ. என் பத்திக்கு வருகிற கடிதங்களில் இது புதிதில்லை. வீட்டு ஆண் போனதும் வீடு காலி என்று நினைக்கிற பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு பேர் எழுதுகிறார்கள்.

பாசி எடுக்கிற பெண்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, விரலில் துணி சுற்றிக்கொண்டு முழுகுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் சொல்கிறேன். சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்தார்கள். மீன் இனப்பெருக்கக் காலத்தில் பாசியும் எடுப்பதில்லை. எந்த அதிகாரியும் வந்து சொல்லிக் கொடுக்கவில்லை. பிடுங்கின பாறையில் மறுபடி தழைக்க விட வேண்டும் என்று கைக்குத் தெரியும். அந்தப் பெண்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. அந்தத் தண்ணீரில் வளர்ந்த உன் அக்காவை நீங்கள் ஒரு தடவை வேரோடு பிடுங்கிவிட்டு, தழைத்ததா என்றுகூடப் பார்க்காமல் அதே பாறைக்கு மறுபடியும் கையை நீட்டுகிறீர்கள்.

'அப்படியென்றால் கூப்பிடவே கூடாதா?' என்று கேட்பாய். அதைச் சொல்ல எனக்கும் உரிமையில்லை. அவளுக்குப் போக ஆசை இருக்கலாம். சம்பளம் தேவைப்படலாம், இல்லை, அந்த அரிசிக்காரி முகத்துக்கு நேரே நின்று ஜெயிக்க வேண்டும் என்ற வெறி இருக்கலாம். இருந்தால் தப்பே இல்லை, நானே கைதட்டுவேன். ஆனால் அவளைச் சம்மதிக்க வைக்கிற வேலை உன்னுடையது இல்லை. அதற்குச் சேனலில் ஆட்கள் இருக்கிறார்கள், அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். நீ அவள் பக்கத்தில் உட்கார வேண்டிய ஆள். ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துக்கு முன்னால் ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடம் எடுத்துப் போ. எவ்வளவு பணம், எத்தனை தவணை, நடுவில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் வெளியே விடுவார்களா, விட்டால் பணத்தில் பிடிப்பார்களா, இதெல்லாம் எழுத்தில் வேண்டும். அவள் போகிற நாட்கள் முழுக்க பெரியம்மாவோடு உன் அம்மா போய் இருக்கட்டும். 'வரமாட்டேன்' என்றால், அவள் சொன்னாள் என்று அலுவலகத்தில் சொல்லிப் பழியை அவள்மேல் போடாதே. 'எங்கள் வீட்டில் தடை சொல்லிவிட்டார்கள்' என்று சொல். யார் என்று கேட்டால் 'நான்' என்று சொல். வேலைக்கு ஆபத்து வருமா? வரலாம்.

போனில் பேச முயற்சி செய்யாதே. புதுப் பாலம் திறந்து ரயில் மறுபடியும் தீவுக்குள் போகிறது, சேது எக்ஸ்பிரஸில் ஏறு. பெரியம்மாவுக்கு ஏதாவது வாங்கிப் போ. அக்காவுக்கு ஒன்றும் வாங்காதே, லஞ்சம் மாதிரி இருக்கும். பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்துப் போ, கடலிலிருந்து களைத்து வருகிறவளிடம் கதை அளக்கக் கூடாது. சாப்பிடச் சொன்னால் உட்கார்ந்து சாப்பிடு. பட்டியல் உன் கையில் இருந்தது என்பதையும், 'கடல் பொண்ணு' என்று கேட்டார்கள் என்பதையும், சண்டைக்காரி வருகிறாளா இல்லையா என்பதையும் மறைக்காமல் சொல்.

மண்டபத்தில் விழித்துக்கொள். ரயில் பாலத்தில் ஏறட்டும். அன்றைக்குப் பெரியப்பாவிடம் என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினாயோ அதை அப்படியே, ஒரு வார்த்தை மாறாமல், கடலைப் பார்த்துச் சொல்லிப் பார். அக்காவிடம் முதலில் சொல்ல வேண்டியது அதுதான். அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு எழுத வேண்டாம்.