களைக்கொல்லி மண்ணோடு பிணைந்துவிட்டால் கவலை தீர்ந்ததா?

கேள்வி: முந்தைய பருவத்தில் மக்காச்சோளத்துக்கு அட்ரசின் என்ற களைக்கொல்லி தெளித்த நிலத்தில் இப்போது பயறு விதைக்கலாமா? மருந்து மண்ணோடு ஒட்டிக்கொண்டுவிடும், பயமில்லை என்கிறார்களே?

அது எந்த மருந்து, எந்த மண் என்பதைப் பொறுத்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் மூலக்கூறு இரண்டு நேர்மின் சுமைகளைக் கொண்டது. எதிர்மின் சுமையுள்ள களிமண் துகள்களின் அடுக்குகளுக்கிடையே அது புகுந்துவிட்டால், ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தாலும் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. கிளைபோசேட் என்ற மற்றொரு களைக்கொல்லி இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் மணிச்சத்து அமர்வதும் அதே இடங்களில்தான் என்பதால், மணிச்சத்து உரம் மிகுதியாகச் சேர்ந்த மண்ணில் அதன் பிடி தளரக்கூடும்.

அட்ரசினுக்கு இவ்வளவு உறுதியான பிடிமானம் கிடையாது. பெரும்பாலான மண்களில் மின்சுமையின்றி, மட்கோடு தளர்வாக ஒட்டியிருக்கும் அது, நீரோடு கீழிறங்கி நிலத்தடி நீரையும் அடைகிறது. காரத்தன்மை கூடிய மண்ணில் அது மெதுவாகச் சிதைகிறது, பிடிப்பும் குறைகிறது. எனவே சுண்ணாம்பு இட்ட நிலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இதன் அரை ஆயுளாக, அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் காலமாக, பரவலாகச் சொல்லப்படும் 60 நாள் என்ற கணக்கின்படி, 120 நாள் கழிந்த பின்னும் கால் பங்கு மிஞ்சியிருக்கும். குளிரும் வறட்சியும் இதை நீட்டிக்கும். ஆண்டுதோறும் அட்ரசின் தெளித்த நிலத்திலோ, அதிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளப் பழகிய நுண்ணுயிர்கள் பெருகியிருப்பதால், அது மிக விரைவாகவே மறைந்துவிடலாம்.

ஆயினும் எச்சத்தின் ஒரு பகுதி, நுண்ணுயிர்கள் நுழைய முடியாத நுண்துளைகளுக்குள் காலப்போக்கில் ஊடுருவி ஒடுங்கிவிடுகிறது. பிணைப்பு பயிரைக் காப்பதுபோலவே, சிதைவிலிருந்து மருந்தையும் காக்கிறது என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. 1991-இல் அட்ரசினைத் தடைசெய்த ஜெர்மனியில், கடைசியாகத் தெளித்து 22 ஆண்டுகள் கழிந்த ஆய்வு மண்ணிலும் அது கண்டறியப்பட்டது. இப்படி ஒடுங்கிய எச்சம் உங்கள் பயறை உடனே கருக்கிவிடாது. அதைக் கருக்குவது மண்ணீரில் கரைந்திருக்கும் பங்குதான். மண்ணில் உள்ள மொத்த அளவை மட்டும் தரும் ஆய்வறிக்கையிலிருந்து அந்தப் பங்கை நேரடியாக அறிய முடியாது.

ஆகவே மருந்துக் குப்பியின் அறிவுறுத்தலில் அடுத்த பயிருக்கான இடைவெளியைப் பார்த்துவிட்டு, தொட்டிச் சோதனையும் செய்யுங்கள். வயலின் பல இடங்களில் மேல்மண் எடுத்துக் கலந்து ஒரு தொட்டியிலும், மருந்து படாத அதே வகை மண்ணை மற்றொன்றிலும், வயல் மண்ணோடு, மருந்தை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும் செயலூட்டிய கரித்தூள் கலந்து மூன்றாவதிலும் நிரப்பி, பயறு விதையுங்கள். அட்ரசின் முளைப்பைத் தடுப்பதில்லை, ஒளிச்சேர்க்கையையே தடுக்கிறது. விதையின் சேமிப்பு தீரும்வரை நாற்று செழிப்பாகவே தெரியும். முன்பொரு முறை முளைத்ததை மட்டும் பார்த்து, ஒரு விவசாயியிடம் நிலம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவருடைய பயிர் பின்னர் வெளிறிக் காய்ந்தது. அந்த வருத்தம் இன்றும் இருப்பதால் வலியுறுத்துகிறேன்: மூன்று வாரமாவது பொறுத்திருந்து, கீழிலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகுகிறதா என்று பாருங்கள். வயல் மண்ணில் மட்டும் நாற்று வாடி, மற்ற இரண்டிலும் தழைத்தால், காரணம் எச்சமே என்று கொண்டு, இந்தப் பருவத்தில் மக்காச்சோளத்தையோ சோளத்தையோ விதையுங்கள்.