ஒரு நாட்டு மக்களின் மனநிறைவை எப்படி அளக்கிறார்கள்?

தன் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று ஒருவர் தானே உணர்வதுதான் மனநிறைவு. அதை அளக்க வேறு வழியில்லை, அவரிடமே கேட்க வேண்டும். வலிக்கிறது என்று போனால் மருத்துவர் என்ன செய்கிறார்? "0 முதல் 10 வரை எவ்வளவு வலி?" என்கிறார். வலிக்குத் தெர்மாமீட்டர் கிடையாது; ஆனாலும் அந்த எண்ணை வைத்துத்தான் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறார்.

பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2011 முதல் இப்படி நான்கு கேள்விகள் கேட்கிறது. வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி? செய்யும் காரியங்களுக்கு அர்த்தம் இருக்கிறதா? நேற்று எவ்வளவு மகிழ்ச்சி? நேற்று எவ்வளவு பதற்றம்? கடைசி இரண்டிலும் "நேற்று" என்று இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பொதுவாகக் கேட்டால் யோசித்து ஒரு பதில் சொல்வோம். நேற்றைய பதற்றம் அப்படியே நினைவில் நிற்கும். திருப்தியோடு வாழ்பவருக்கும் நேற்று மோசமான நாளாக இருந்திருக்கலாம். அதனால்தான் தனித்தனிக் கேள்விகள்.

எல்லோரையும் கேட்பதில்லை, பல தரப்பினரும் இடம்பெறும்படி ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதெல்லாம் எதற்கு? நாட்டின் வருமானம் உயர்ந்தது என்ற கணக்கில் ஒருவரின் தனிமையோ வேலை போன கவலையோ தெரியாது.

சராசரி 7 என்றால் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிப் பேர் 10, பாதிப் பேர் 4 என்று சொன்னாலும் சராசரி அதே 7தான், ஆகவே குறைந்த எண் சொன்னவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.