எண்டோமெட்ரியோசிஸுக்கான ஹார்மோன் மாத்திரையைக் குழந்தைக்காக நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. எண்டோமெட்ரியோசிஸுக்காக (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) நான்கு ஆண்டுகளாக டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை எடுத்து வருகிறேன். குழந்தைக்காக நிறுத்த நினைக்கிறேன். பழைய வலி திரும்புமா? இத்தனை காலம் மாத்திரை சாப்பிட்டது கருத்தரிப்பைப் பாதிக்குமா?

பதில்:

சகோதரி, அதே 2 மில்லிகிராம் மாத்திரையை நான் ஆறு ஆண்டுகள் எடுத்தேன். இடது சினைப்பையில் இருந்த சாக்லேட் கட்டியை (இந்த நோயால் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் கட்டி) லேப்ராஸ்கோப்பி என்ற சிறுதுளை அறுவையில் அகற்றியபின், அது மீண்டும் வராமல் இருக்கக் கொடுத்தார்கள். 33 வயதில் நிறுத்தினேன். வலி எனக்குத் திரும்பியது, பலருக்கும் திரும்புகிறது. ஆனால் மாத்திரை கருத்தரிப்பைக் கெடுப்பதில்லை. இந்த இரண்டாவது பயத்தை முதலில் மனத்திலிருந்து இறக்கி வையுங்கள்.

"இத்தனை வருடம் மாத்திரை சாப்பிட்டுத்தான் கருப்பை காய்ந்துவிட்டது" என்று என் அத்தை சொன்னபோது நான் இரவெல்லாம் அழுதேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் பேரக்குழந்தை ஆசை. ஆனால் அது உண்மையில்லை. டைனோஜெஸ்ட், எடுக்கும் காலத்தில் சினைமுட்டை வெளியாவதைத் தடுத்து வைக்கிறது. நிறுத்தினால் சில நாட்களில் உடலிலிருந்து நீங்கிவிடுகிறது. பெரும்பாலோருக்கு ஓரிரு மாதங்களில் முட்டை வெளியாவது தொடங்கிவிடும். எனக்கு நிறுத்திய 34ஆம் நாள் மாதவிடாய் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் ஊசி என்றால் கதை வேறு. கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கப் பத்து மாதமோ அதற்கு மேலும்கூடவோ ஆகலாம். ஆகவே எந்த மருந்து என்பதைப் பொறுத்தே காத்திருக்கும் காலம் அமைகிறது.

அதே சமயம், மாத்திரை நோயை அடக்கி வைக்குமே தவிர, கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டாது. நோயால் ஒட்டிக்கொண்ட கருக்குழாயை அது பிரித்துவிடாது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும், கருத்தரிப்பை மேம்படுத்துவதற்கென்று இத்தகைய சிகிச்சையைத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. "இன்னும் ஆறு மாதம் சாப்பிட்டுவிட்டு முயன்றால் எளிதாகக் கரு நிற்கும்" என்று யாராவது சொன்னால், அந்த ஆறு மாதம் எதற்கு என்று கேளுங்கள்.

இனி நான் செய்த தவறு. முதலில் பார்த்த மருத்துவர், "நிறுத்திவிட்டு ஒரு வருடம் முயன்று பாருங்கள்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். எந்த நோயும் இல்லாத, 35 வயதைத் தொடாத பெண்ணுக்குச் சொல்லும் பொதுவான கணக்கு அது. நமக்கு அந்த ஒரு வருடம் என்பது பன்னிரண்டு மாதவிடாய். மாத்திரை தந்த நிம்மதியில் அந்த வலி எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் பள்ளி ஆசிரியை. ஆண்டுத் தேர்வு முடிந்த நாளில் நிறுத்தினேன், அதனால் முதல் மாதவிடாய் கோடை விடுமுறையில் வந்தது. அந்த ஒரு திட்டம் மட்டும் சரியாக அமைந்தது. ஆகஸ்டில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்று பாடம் நடத்தினேன். ஒருநாள் பாதி வகுப்பில் வெளியே வந்து ஆசிரியர் அறையில் சுருண்டு படுத்தேன்.

ஆறாவது மாதம் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டதே, "கணவருக்குப் பரிசோதனை எடுத்தீர்களா?" என்றுதான். எடுக்கவில்லை. கணவர் மறுத்ததில்லை, அதுவரை ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். முடிவு வந்தபோது விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு. குழாய்க்கு எடுத்த எக்ஸ்ரேயில் என் இடது பக்கம் அடைத்திருந்தது. இவை மாத்திரையை நிறுத்தும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்திகள். ஆறு மாத வலியை நான் வீணாகச் சுமந்தேன் என்பது இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

ஆகவே, மாத்திரையில் இருக்கும்போதே மகப்பேறு மருத்துவரிடம் போய் ஸ்கேன், முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனை, கணவரின் விந்தணுப் பரிசோதனை மூன்றையும் முடித்துவிடுங்கள். கட்டி அறுவை சிகிச்சை செய்திருந்தால் ஏஎம்எச் மிக முக்கியம், ஏனெனில் அந்த அறுவையில் முட்டை இருப்பும் குறையக்கூடும். ஹார்மோன் மருந்து எடுக்கும்போது அந்த அளவு சற்றுக் குறைவாகத் தெரியலாம், எனவே எண்ணைப் பார்த்ததும் கலங்காமல் மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள். குழாய்ப் பரிசோதனை எப்போது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம், முயற்சி தொடங்கும் முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

வலிக்கும் முன்கூட்டியே வழி கேட்டு வையுங்கள். மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் முட்டை வெடித்து வெளியேறுவதைச் சிலருக்குத் தடுக்கக்கூடும் என்பதால், மாதத்தின் நடுப்பகுதியில் அவற்றைத் தவிர்த்துப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளச் சொன்னார் என் மருத்துவர். உதிரப்போக்கு நாட்களில் சுடுநீர்ப் பையோடு மெஃபனமிக் அமிலத்துக்கு அனுமதி இருந்தது.

எங்களுக்குச் சோதனைக் குழாய் முறையில்தான் குழந்தை. முதல் முறை தங்கவில்லை, இரண்டாம் முறை தங்கியது. மகளுக்கு இப்போது இரண்டு வயது. "பிள்ளை பெற்றால் இந்த நோய் போய்விடும்" என்று எல்லாரும் சொன்னார்கள். போகவில்லை. மாதவிடாய் திரும்பியதும் வலியும் வந்தது. பால் நிறுத்தியபின் மீண்டும் அதே மாத்திரையில் இருக்கிறேன்.

இன்னொன்று. பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்ததும், மகிழ்ச்சியில் ஆரம்ப ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கரு குழாயிலேயே தங்கிவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்று அதிகம். மாத்திரையை நிறுத்தும் தேதியை மட்டும் இன்றே குறிக்க வேண்டாம். உங்கள் கணவரின் அறிக்கை கைக்கு வந்தபின் குறியுங்கள்.