வாசகர் கேள்வி: ‘ஒய்’ முதுகு நாற்காலி

கேள்வி: வீடு மாறிச் சென்ற அண்டை வீட்டார் எங்களுக்குக் கொடுத்த பழைய மர நாற்காலியின் முதுகு ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போல இருக்கிறது, இருக்கை கயிற்றால் பின்னப்பட்டுள்ளது. இதை வடிவமைத்தவர் யார்?
– வாசகி, தோ பாயோ

பதில்: டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்து, 1950 முதல் தயாரிக்கப்பட்டுவரும் நாற்காலியின் வடிவம் அது. 1914இல் செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்த வெக்னர், இளம் வயதிலேயே தச்சுப் பட்டறையில் தொழில் பழகியவர். மரம் எங்கே வளையும், எங்கே முறியும் என்பதை உளி பிடித்த கையால் அறிந்திருந்ததே அவருடைய கோடுகளின் அழகுக்குக் காரணம் என்பது என் கருத்து. 2007இல் மறைந்த அவர், 500க்கும் மேற்பட்ட நாற்காலிகளை வடிவமைத்தார்.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இன்னொரு நெருக்கமும் உண்டு. மிங் காலத்துச் சீன நாற்காலிகளே அவருக்குத் தூண்டுதலாக அமைந்தன; முதுகுச் சட்டமும் கைப்பிடியும் ஒரே வளைவாக ஓடுவது அங்கிருந்து வந்ததுதான்.

இருக்கையை உற்றுப் பாருங்கள். அசலில் இருப்பது சணலோ பிரம்போ அன்று, முறுக்கிய காகிதக் கயிறு. சுமார் 120 மீட்டர் கயிற்றைக் கையாலேயே இழுத்துப் பின்னுகிறார்கள். நான்கு மூலைகளிலிருந்தும் உள்நோக்கிச் சாய்ந்தோடும் கோடுகள் கடித உறையின் பின்பக்கத்தை நினைவூட்டும். இந்த வடிவத்துக்கு நகல்கள் ஏராளம் என்பதால், உங்களிடம் இருப்பது அசலா என்பதை விவரத்தைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது. எதுவாயினும், நம் ஊர் ஈரப்பதத்தில் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள். நன்கு பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட உலரவிடுங்கள்.